கத்திக்கு முன்னும் பின்னும்

மருதமுனைக் கடற்கரையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குகிறவர் இல்லை. கண் குழிந்திருக்கிறதா, வயிறு நெகிழ்ந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை திரும்பி எழும்புகிறதா என்று ஒரு சூரைக்கு நாலு பரீட்சை வைப்போம். அதே மனிதர் அரை மணித்தியாலம் கழித்து இறைச்சிக் கடைக்குப் போனால் கேட்பது ஒரேயொரு கேள்விதான்: “இன்டைக்கி அறுத்ததா காக்கா?” கடைக்காரர் பதில் சொல்லக்கூடத் தேவையில்லை. கொக்கியில் தொங்கும் தொடையைத் தொட்டால் சூடு இருக்கும். சூடு இருந்தால் நல்ல இறைச்சி, அவ்வளவுதான்.

இந்தச் சூட்டு நம்பிக்கையில் ஒரு நியாயம் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில், முப்பது பாகை வெயிலில், நேற்றைய இறைச்சியை இன்றைய இறைச்சி என்று தலையில் கட்டிவிடாமல் இருக்க வாங்குகிறவரிடம் இருந்த ஒரே சான்று அந்தச் சூடுதான். முத்திரையும் பதிவேடும் செய்ய வேண்டிய வேலையை உள்ளங்கை செய்து வந்தது. ஆனால் இறைச்சி இன்னும் பழுதாகத் தொடங்கவில்லை என்பதற்கு மேல் சூட்டிலிருந்து வேறெதையும் அறிய முடியாது. அது மெதுவாக வேகுமா, சாறு நிற்குமா, நாளை மறுநாள் வரை தாங்குமா என்பதெல்லாம் தீர்மானமாவது வேறு இரண்டு வேளைகளில்: அறுப்புக்கு முந்திய ஒன்றிரண்டு நாட்களில், அறுப்புக்குப் பிந்திய முதல் நாளில். கத்தி இறங்கும் அந்தச் சில விநாடிகளைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம், சண்டையும் பிடித்திருக்கிறோம். அதற்கு முன்னும் பின்னும் உள்ள நேரத்தை லொறிக்காரரிடமும் வெயிலிடமும் விட்டுவிட்டோம்.

தசை எப்படி வேலை செய்கிறது என்பது உலகத்துக்குத் தெளிவாகி எழுபது ஆண்டுகளே ஆகின்றன. 1954 மே மாதம் ‘நேச்சர்’ சஞ்சிகையின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று அண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கேர்க்கும் எழுதியது. மற்றது ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹன்சனும் எழுதியது. (இரண்டு ஹக்ஸ்லிமாருக்கும் உறவு கிடையாது.) தசை சுருங்கும்போது அதனுள் இருக்கும் இழைகள் குறுகுவதில்லை, ஒன்றன் மேலொன்று வழுக்கிப் போகின்றன என்று இரு அணியும் தனித்தனியே கண்டு சொன்னார்கள். மெல்லிய இழை அக்டின், தடித்த இழை மயோசின். மயோசினின் தலைகள் அக்டினைப் பிடித்து இழுக்கும், விடும், எட்டிப் பிடித்து மறுபடி இழுக்கும். கரைவலைக் கயிற்றில் வரிசையாக நிற்கும் ஆட்கள் செய்வதும் இதுதான். ஆனால் ஓரிடத்தில் தசை அவர்களிலிருந்து வேறுபடுகிறது. கயிற்றை விட மனிதனுக்குச் சக்தி தேவையில்லை. மயோசினுக்கோ பிடியை விடுவதற்கே சக்தி வேண்டும். அந்தச் சக்தியைத் தருவது ஏ.ரி.பி. என்ற மூலக்கூறு. அது தீர்ந்தால் பிடித்த கை பிடித்தபடியே நின்றுவிடும்.

மாட்டை அறுத்ததும் உயிர் போகிறது. தசைக்கு அந்தச் செய்தி உடனே எட்டுவதில்லை. இரத்தம் நின்று ஒட்சிசன் வராமற் போனாலும், தன்னுள் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தை உடைத்து ஏ.ரி.பி. தயாரித்துக்கொண்டே இருக்கும். புதிதாக உரித்த தொடையில் சதை துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உற்பத்தி இன்னும் நடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஒட்சிசன் இல்லாமல் நடக்கும் இந்த வேலையில் லக்டிக் அமிலம் சேரும். உயிரோடு இருக்கையில் ஏறக்குறைய 7 ஆக இருந்த பீ.எச். அளவு மெல்ல இறங்கி 5.5 அளவில் நிற்கும். இதற்கிடையில் ஏ.ரி.பி. தீரும், மயோசின் பிடி பூட்டிக்கொள்ளும், உடல் விறைக்கும். மாட்டில் இந்த விறைப்பு முழுமையடைய 6 முதல் 24 மணித்தியாலம் வரை பிடிக்கும். கோழியில் ஓரிரு மணித்தியாலம் போதும்.

விறைத்த இறைச்சி அப்படியே கிடப்பதில்லை. தசைக்குள்ளேயே இருக்கும் கல்பெயின் முதலிய நொதிகள் இழைகளைத் தாங்கி நிற்கும் புரதங்களை மெல்ல மெல்ல அறுக்கத் தொடங்கும். பூட்டிய பிடி பூட்டியபடியே இருக்க, அதைச் சுற்றியுள்ள கட்டுக்கோப்பு தளர்கிறது. மேல்நாட்டுக் கடைகளில் மாட்டிறைச்சியை 0 முதல் 4 பாகை செல்சியஸ் குளிரில் ஒரு வாரம், இரண்டு வாரம் தொங்கவிட்டுப் பதப்படுத்துவது இதற்காகத்தான். அங்கே கூடுதல் விலை கொடுத்து வாங்குவது பல நாட்கள் தொங்கிய இறைச்சியை. இங்கே நாம் முந்தியடித்து வாங்குவது மூன்று மணித்தியாலத்து இறைச்சியை.

இப்போது நம் நேரக்கணக்கைப் பாருங்கள். சுபஹுக்கு முன்னோ பின்னோ அறுக்கிறார்கள். ஏழு மணிக்கு வாங்குகிறோம், பத்து மணிக்கு அடுப்பில் ஏற்றுகிறோம். விறைப்பு தொடங்குமுன் சமைத்த இறைச்சி ஓரளவு மெதுவாகவே இருக்கும். அறுத்த கையோடு ஈரலையும் கொஞ்சம் சதையையும் பொரித்துத் தின்பவர்கள் அதன் ருசியைப் புகழ்வதில் பொய்யில்லை. விறைப்பு பாதிவழியில் இருக்கும்போது சட்டிக்குள் போவதுதான் மோசம். கச்சான் வீசும் மாதங்களில் சூட்டினால் விறைப்பு இன்னும் விரைவாக வரும், தசையும் கூடுதலாகச் சுருங்கும். நம் ஊரில் மதியச் சாப்பாட்டுக்கு இறைச்சி அடுப்பேறும் நேரமும் இந்த நேரமும் ஒன்றாக வருவது நம் துரதிர்ஷ்டம். போயாவுக்கு முதல் நாள் கூடுதலாக வாங்கி, போயாவில் தின்றது போக மிஞ்சிய பெரிய துண்டை மூன்றாம் நாள் சமைத்த வீடுகளில் கேட்டுப் பாருங்கள். அந்த ஆணம் மெதுவாக இருந்ததாகத்தான் சொல்வார்கள். ஆனால் அதை விருந்தாளிக்கு வைக்கக் கூசுவார்கள்.

கத்திக்கு முந்திய நேரத்துக்கு வருவோம். என் பார்வையில் அதுதான் பெரிய பிரச்சினை.

மேலே சொன்ன அமிலம் எல்லாம் கிளைக்கோஜனிலிருந்து வருவது. நன்றாகத் தின்று ஓய்வாக நின்ற மாட்டின் தசையில் அது போதிய அளவு இருக்கும். பயமும் பசியும் களைப்பும் அதைத் தின்றுவிடும். முன்பின் தெரியாத மாடுகளோடு ஒரே லொறியில் அடைபட்டு, முட்டுப்பட்டு, தண்ணீர் காணாமல் வந்து, இரவு முழுவதும் கட்டிய கயிற்றோடு இழுபறிப்பட்டு நின்ற மாட்டின் தசையில் விடியற்காலையில் என்ன மிச்சம் இருக்கும்? அமிலமாக மாற ஒன்றும் இல்லாததால் பீ.எச். 6க்குக் கீழே இறங்காமல் நின்றுவிடும். அத்தகைய இறைச்சி கருஞ்சிவப்பாக, வெட்டுமுகம் உலர்ந்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டும். அமிலத்தின் காவல் இல்லாததால் கிருமிக்கு அது நல்ல விளைநிலம். சீனிச்சத்தும் இல்லாததால் கிருமிகள் நேரடியாகப் புரதத்தின் கூறுகளில் கைவைக்கும். ஆகவே நாற்றமும் முந்தி வரும்.

கடையில் இப்படிக் கருத்த இறைச்சியைக் கண்டால் நம்மவர்கள் “கிழட்டு மாடு” என்று முகம் சுளிப்பார்கள். பல வேளைகளில் அது கிழட்டு மாடு அல்ல, களைத்த மாடு. இறைச்சிக்காரரும் விலையைக் கொஞ்சம் குறைத்து, கண்ணுக்கு நல்ல சிவப்பாகத் தெரியும் துண்டுகளுக்கு நடுவே அதைத் தள்ளிவிடுவார். மாடு எங்கிருந்து, எப்படி, எத்தனை மணித்தியாலம் பயணப்பட்டு வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இழந்த கிளைக்கோஜனை மீட்பது மாட்டுக்கு மிக மெதுவான வேலை. மனிதன் ஓடிக் களைத்தால் வயிறாரச் சோறு தின்று மறுநாள் பெரும்பாலும் சரியாகிவிடுவான். அசைபோடும் பிராணிக்குப் பல நாள் பிடிக்கும். எனவே அறுக்குமுன் ஓர் இரவு ஓய்வு கொடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்த இரவில் தண்ணீரும் நிழலும் அமைதியும் கிடைத்தால் இருப்பதாவது மிஞ்சும். மற்றதெல்லாம் பட்டியிலேயே தொடங்க வேண்டும். அம்பாறை, மட்டக்களப்பு உட்பகுதிகளில் பெரும்போக வேளாண்மை தொடங்கினால் மாட்டுப்பட்டிகளை வயல்வெளியிலிருந்து காட்டோர மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மேய்ச்சல் தரை சுருங்கச் சுருங்க மாடு மெலிந்துதான் சந்தைக்கு வரும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பிரச்சினையைப் பால் பண்ணையாளரின் காணிப் பிரச்சினை என்று மட்டும் செய்தியில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். மாட்டிறைச்சி தின்கிற ஊர்கள் அதில் தமக்கும் பங்கு இருப்பதை உணரவில்லை.

கடல் தொழில் செய்கிறவர்களுக்கு இது புதிய பாடமாக இருக்காது. வலையில் நெடுநேரம் அடித்துக்கொண்டு செத்த சூரைக்கும், தூண்டிலில் பட்டு உடனே ஏற்றிக் கொன்று ஐசில் இட்ட சூரைக்கும் சதையில் உள்ள வித்தியாசம் அவர்களுக்குத் தெரியும். போராடிய மீன் தன் சேமிப்பை எரித்துவிட்டுச் சாகிறது. விறைப்பு உடனே வந்து உடனே போகிறது. சூரை இனங்களின் உடல் கடல்நீரைவிடச் சூடானது என்பதால் தாமதித்தால் சதை வெந்தது போல வெளுத்தும் போகும். அதைவிட ஆபத்தானது, சூட்டில் கிடந்த சூரையில் கிருமிகள் உண்டாக்கும் ஹிஸ்டமின். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. தின்ற சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடல் தடித்து, தலை இடிக்க ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். இதையெல்லாம் அனுபவத்தில் கற்றுத்தான் நம் ஆட்கள் ஐஸ் இல்லாமல் ஆழ்கடலுக்குப் போவதில்லை. மீனுக்குக் குளிர் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட அதே ஊர், குளிரில் வைத்த மாட்டிறைச்சியைப் பழைய இறைச்சி என்கிறது.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். ஷத்தாத் இப்னு அவ்ஸ் அறிவிக்கும், ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஹதீஸ் நம் ஊர்ப் பள்ளிகளில் ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் சொல்லப்படுவதுதான். கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணிக்கு இதமளிக்க வேண்டும் என்பவை அதன் கட்டளைகள். பிராணியின் கண்ணெதிரே கத்தி தீட்டக் கூடாது, ஒன்றின் முன்னால் மற்றொன்றை அறுக்கக் கூடாது, உயிர் முற்றாகப் போகுமுன் தோலுரிக்கக் கூடாது என்று உலமாக்கள் விரித்துச் சொல்கிறார்கள். உயிரியல் ஆய்வுகூடத்திலிருந்து பார்த்தாலும் இவை ஒவ்வொன்றும் கிளைக்கோஜனைக் காக்கும் விதிகள்தான். ஆனால் நாம் முதல் கட்டளையைக் கச்சிதமாக நிறைவேற்றிவிட்டு இரண்டாவதை லொறியில் விட்டுவிட்டோம். மாட்டை மயக்கி அறுப்பதா கூடாதா என்ற சர்வதேசச் சர்ச்சைக்குள் நான் போகவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெம்பிள் கிராண்டின், கால்நடைகளைக் கையாளும் முறைகளை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். ஒரு மடுவம் ஒழுங்காக நடக்கிறதா என்று அறிய அவர் கைக்கொள்ளும் அளவுகளில் ஒன்றுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை: கொண்டுவரும் வழியில் எத்தனை மாடுகள் கத்துகின்றன என்று எண்ணுவது. நம் மடுவங்களில் ஒரு விடியற்காலை நின்று எண்ணிப் பார்க்க யார் தயார்?

இரத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. இறைச்சியைக் கழுவக் கழுவச் சிவப்பு நீர் வருகிறதென்று உம்மாமார் ஏழு தரம் கழுவுவார்கள். அது இரத்தம் அல்ல. தசைக்குள் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற நிறப்புரதம் கலந்த தண்ணீர். நன்றாக அறுத்தாலும் உடலின் மொத்த இரத்தத்தில் ஏறக்குறைய பாதிதான் வெளியே வரும். மிச்சத்தில் பெரும்பகுதி உள்ளுறுப்புகளில் தங்கும், சதையில் இருப்பது சொற்பம். ஓடும் இரத்தம்தான் விலக்கப்பட்டது, சதையில் எஞ்சுவது அல்ல என்பது மார்க்கத்திலும் தெளிவான விடயம். குழாய்க்குக் கீழே பிடித்து அலசுவதால் ருசியும் சத்தும் போகின்றன, கிருமிகள் தொட்டி முழுக்கத் தெறிக்கின்றன. இதே மயோகுளோபின்தான் இறைச்சியின் நிறத்தையும் தீர்மானிக்கிறது. புதிதாக வெட்டிய முகம் ஊதா கலந்த சிவப்பு, சற்றுநேரம் காற்றுப்பட்டால் பளிச்சென்ற சிவப்பு, நாட்பட்டால் மண்ணிறம். கடையில் மேலே சிவப்பு மின்குமிழ் தொங்கினால் நிறத்தை நம்பாதீர்கள்.

இனி, கத்திக்குப் பிந்திய நேரம். குளிரே மருந்து என்று இதுவரை சொன்னதை வைத்து, சூட்டோடு சூடாக இறைச்சியை டீப் பிறீசரில் தள்ளிவிடலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தப் பாடத்தை நியூசிலாந்து விலை கொடுத்துப் படித்தது. 1882 பெப்ரவரியில் ‘டனீடன்’ என்ற பாய்க்கப்பல் அந்நாட்டின் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து உறைந்த ஆட்டிறைச்சியுடன் இலண்டனுக்குப் புறப்பட்டது. அந்தப் பயணம் ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றியது. காலம் போகப் போகக் குளிரூட்டும் இயந்திரங்கள் வேகமாகின; வேகமாக உறைந்த இறைச்சி சில வேளை செருப்புத்தோல் போல இருப்பதாகப் புகார் வந்தது. ஏனென்று தெரியவில்லை. 1963இல் லொக்கர், ஹகியார்ட் என்ற இரு நியூசிலாந்து ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டு எழுதினார்கள். விறைப்பு வருமுன், ஏ.ரி.பி. இன்னும் கையிருப்பில் இருக்கும்போதே தசையைக் கடுங்குளிருக்குள் தள்ளினால், உள்ளே அடைத்து வைத்த கல்சியம் கசிந்து தசை கடுமையாகச் சுருங்குகிறது. பாதி நீளம் வரைகூடக் குறுகலாம். சுருங்கிய நிலையிலேயே விறைப்பு வந்து பூட்டிவிடும். சுருக்கம் மிகக் குறைவாக இருப்பது 15 பாகை செல்சியஸை அண்டிய வெப்பநிலையில். எலும்போடு தொங்கும் சதை இழுபட்டு நிற்பதால் அவ்வளவு சுருங்குவதில்லை. எலும்பிலிருந்து அறுத்து எடுத்த சிறு துண்டுக்குத் தடுப்பாரில்லை.

இதற்கு அவர்கள் கண்ட பரிகாரங்களில் ஒன்று, உயிர் போன உடலில் மின்சாரம் பாய்ச்சி ஏ.ரி.பி.யை விரைவில் தீர்த்துவிடுவது. மின்சாரத்தால் கொன்ற வான்கோழி அசாதாரணமாக மெதுவாக இருந்ததாக அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின் 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருந்தார். அவர் சொன்னதன் காரணம் விளங்க இருநூறு ஆண்டு எடுத்தது.

ஹஜ்ஜுப் பெருநாளன்று நம் வீடுகளில் நடப்பது என்ன? தொழுகை முடிந்து ஒன்பது, பத்து மணிக்குள் அறுப்பு. கூட்டாக ஏழு பேர் சேர்ந்த மாடு என்றால் உடனேயே பங்கு வைக்க வேண்டும். எலும்பிலிருந்து சதையைக் கழற்றி, சிறுசிறு துண்டாக வெட்டி, சொப்பின் பையில் கட்டி வீடுவீடாகப் போகிறது. பையின் உட்புறம் வேர்த்திருக்கும். கையில் தூக்கினால் குழந்தையின் உடம்புச் சூடு. வீட்டில் ஏற்கெனவே வந்த ஐந்தாறு பைகள் டீப் பிறீசரில் அடுக்கியிருக்க, இதையும் மேலே வைத்து மூடியை அழுத்துகிறோம். வெளியோரத்தில் உள்ள துண்டுகள் விறைக்குமுன் உறைகின்றன. நடுவில் உள்ளவை மறுநாள் வரை இளஞ்சூட்டில் கிடந்து புளிக்கின்றன. பத்து நாள் கழித்து ஒரு பையை எடுத்து உருகவிட்டால் பாத்திரம் நிறையச் சிவப்பு நீர். விறைக்குமுன் உறைந்த தசை உருகும்போது ஒரேயடியாகச் சுருங்கித் தன்னிடமிருந்த நீரைக் கக்கிவிடுகிறது. கையளவு துண்டு நெல்லிக்காயளவாகும். பிறகு பச்சைப் பப்பாசிக்காயைத் தேடி வீட்டுக்கு வீடு ஆள் போகும். பப்பாசிப் பாலிலுள்ள பப்பெயின் நொதி நல்ல கைகாரன்தான். ஆனால் அது சதையை மாவாக்கும், போன சாற்றைத் திருப்பித் தராது.

ஷாபிஈ மத்ஹபில் உழ்ஹிய்யா கொடுக்கும் நேரம் பெருநாள் தொழுகைக்குப் பிறகு தொடங்கி துல்ஹஜ் பிறை 13இல் சூரியன் மறையும் வரை நீள்கிறது. நான்கு நாட்கள். எல்லாவற்றையும் முதல் நாள் முற்பகலுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் நாமாகத் தேடிக்கொண்டது. மூன்று நாளுக்கு மேல் இறைச்சியைச் சேமித்து வைக்க வேண்டாம் என்று முதலில் தடுத்த நபிகளார், பஞ்சம் நீங்கிய பிறகு சேமிக்க அனுமதித்தார்கள் என்பதும் ஹதீஸ்களில் இருக்கிறது. மாடுகளை நான்கு நாட்களுக்குப் பிரித்து, முடிந்தவரை அசருக்குப் பிறகு அறுத்து, நாலு காலாகப் பிளந்து எலும்போடேயே ஒரு குளிரூட்டிய லொறிக்குள் தொங்கவிட்டு, முதல் சில மணித்தியாலம் 15 பாகை அளவிலும் பிறகு 4 பாகைக்கும் இறக்கி, மறுநாள் காலையில் வெட்டிப் பங்கு வைத்தால் என்ன குறை வந்துவிடும்? சுத்தமான குளிர் லொறி ஒன்றைப் பெருநாளுக்கு வாடகைக்கு எடுப்பது ஒரு பள்ளிவாசல் நிருவாகத்தின் சக்திக்கு மீறிய காரியம் அல்ல. கல்முனைக் கரையோரத்தில் மீனுக்காக அத்தகைய லொறிகள் நாள்தோறும் ஓடுகின்றன. மீன் மணக்காத ஒன்றைப் பார்த்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டிலும் செய்யக்கூடியது உண்டு. வந்த இறைச்சியை உடனே டீப் பிறீசருக்குள் அமுக்காதீர்கள். பெரிய துண்டாகவே வாங்குங்கள். தட்டையாகப் பரத்தி, பிறிஜின் கீழ்த்தட்டில் இரண்டு இரவு வையுங்கள். அதன் பிறகு வெட்டி, மெல்லிய பொதிகளாக உறையவிடுங்கள். உருக்குவதும் பிறிஜின் கீழ்த்தட்டிலேயே, ஓர் இரவு முழுக்க நடக்கட்டும்.

எல்லாக் கடினத்துக்கும் விறைப்பே காரணம் என்று சொல்ல வரவில்லை. நம் மாடுகள் திமில் வைத்த இனம். அவற்றின் தசையில் கல்பெயினைக் கட்டிப்போடும் கல்பஸ்டற்றின் என்ற புரதம் ஐரோப்பிய இனங்களைவிடக் கூடுதல். பதப்பட அதிக நாள் எடுக்கும். வயதான மாட்டில் தசைகளைப் பொதிந்திருக்கும் கொலாஜன் நார்கள் ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்திருக்கும். அதை நொதியால் அசைக்க முடியாது. ஈரமான நீண்ட சூடுதான் அதை ஜெலற்றினாகக் கரைக்கும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றக் கந்தூரியில் பெரிய அண்டாக்களில் மெல்லிய தீயில் மணிக்கணக்காக வேகும் இறைச்சியை நினைத்துப் பாருங்கள். கிழட்டு மாட்டையும் கரைய வைக்கும் வித்தை நம் பண்டாரிகளிடம் இருக்கிறது. அவர்கள் காலங்காலமாக வென்றது கொலாஜனை. சுருங்கிப் பூட்டிய இழையை அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. அது வெந்தாலும் சக்கையாகத்தான் வேகும். பிறொய்லர் கோழிக்கு இந்தப் பிரச்சினை குறைவு. ஒன்றரை மாதக் குஞ்சில் கொலாஜன் ஏது, பிணைப்பு ஏது? ஆனாலும் அறுத்த பத்து நிமிடத்தில் எலும்பு நீக்கி வாங்கிப் போகிறவர்கள் நெஞ்சுத் துண்டு ரப்பர் போல இழுக்கிறதென்று கடைக்காரரைத் திட்டுவதில் நியாயமில்லை. முழுக்கோழியாக நாலு மணித்தியாலம் பிறிஜில் வைத்துவிட்டு வெட்டட்டும்.

இந்த விடயத்தை நாம் ஏன் பேசாமல் விட்டோம் என்பதற்கு அரசியல் காரணமும் உண்டு. 2020 செப்டெம்பரில் அன்றைய பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ முன்வைத்த மாடறுப்புத் தடை யோசனைக்கு அமைச்சரவை இணங்கியது. மாட்டிறைச்சி தின்கிறவர்களுக்கு அதை வெளிநாட்டிலிருந்து இறக்கிக் கொடுக்கலாம் என்பதும் அந்த யோசனையில் இருந்தது. 2021 ஒக்டோபரில் அதற்காகச் சட்டங்களைத் திருத்தும் பேச்சு மீண்டும் வந்தது. 2013இல் ஹலால் சான்றிதழுக்கு எதிராக நடந்த கூச்சல் அதற்கு முந்தியது. ஒவ்வொரு முறையும் உரிமையைக் காக்க வேண்டியிருந்தது, காத்தோம். உரிமைக்குக் காவல் நிற்கிற நேரத்தில் மடுவத்தின் நிலைமையை வெளியே பேசினால் எதிராளிக்கு ஆயுதம் கொடுத்ததாகிவிடும் என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்தை நான் விளங்கிக்கொள்கிறேன், ஏற்கவில்லை. தண்ணீரில்லாமல் கட்டிப்போட்ட மாடும், ஈ மொய்க்கும் கொக்கியும், நேரம் எழுதாத இறைச்சியும்தான் எதிராளிக்கு நாம் கொடுக்கும் ஆயுதம்.

கசாப்புத் தொழிலை ஒழுங்குபடுத்தும் நம் சட்டம் 1893ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அக்டினும் மயோசினும் என்ன செய்கின்றன என்று யாருக்கும் தெரியாத காலத்தில் எழுதியது. அதைத் திருத்தும் அதிகாரம் கொழும்பில் இருக்கிறது. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இறைச்சிக் கடைகளை ஆண்டுதோறும் கேள்விப்பத்திரம் கோரிக் குத்தகைக்குக் கொடுப்பது உள்ளூராட்சி மன்றங்கள். இப்போது அந்தக் கேள்விப்பத்திரத்தில் கூடுதல் தொகை கேட்டவருக்குக் கடை. அதே பத்திரத்தில் சில நிபந்தனைகளையும் எழுதலாம். அறுப்புக்கு முந்திய பகலே மாடு வந்து சேர்ந்திருக்க வேண்டும், நிழலும் தண்ணீரும் உள்ள தொழுவத்தில் நிற்க வேண்டும், வெவ்வேறு பட்டி மாடுகளை ஒன்றாக அடைக்கக் கூடாது. அறுத்த நேரத்தைக் கடை வாசலில் பலகையில் எழுத வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கையில் ஒரு சிறு பீ.எச். மானி இருக்க வேண்டும். 6க்கு மேல் காட்டும் உடலை அன்றே சமைக்கச் சொல்லித் தனியே, விலை குறைத்து விற்க வேண்டும். மடுவத்தோடு ஒட்டி ஒரு குளிரறை. இதில் செலவு பிடிப்பது கடைசி ஒன்றுதான்.

குளிரறை வந்தால் சூடு என்ற பழைய சான்று போய்விடும். அதன் இடத்தில் வாங்குகிறவர் நம்பக்கூடிய வேறொன்று வர வேண்டும். கால்நடை வைத்தியரின் முத்திரையும் அறுத்த திகதியும் நேரமும் எழுதிய சீட்டு ஒவ்வொரு தொடையிலும் தொங்கினால் போதும். அதைத் தருவது கல்முனை மாநகர சபையின் பொறுப்பு, கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. அடுத்த ஆண்டுக்கான கேள்விப்பத்திரம் வெளியாகுமுன் மருதமுனைப் பள்ளிவாசல்களின் நிருவாகங்களும் இறைச்சி வியாபாரிகளும் கால்நடை வைத்திய அலுவலகமும் ஒருமுறை கூடியிருந்து இந்த நிபந்தனைகளை எழுதி மாநகர சபையிடம் கையளிக்க வேண்டும்.